மாக்கோழியும் மின்திரை விலங்கும்

ஓர் உயிரைக் கொல்லுதல் தீவினை என்பதை நம் இல்லங்களில் பால்மணம் மாறாக் குழந்தையும் அறியும். எறும்பு ஊர்ந்து செல்லும் வழியில் கால் வைக்கத் தயங்கும் பிள்ளைகளை நாம் வளர்த்து வருகிறோம். ஆனால் உயிரே இல்லாத ஓர் உருவைப் பிடித்தலும், அடித்தலும், அடைத்து வைத்தலும் தீவினையாகுமோ என்று அப்பிள்ளை கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? ஆகாது என்று எளிதில் கூறிவிட்டால் யசோதரன் கதை நம்மைத் தடுக்கிறது. ஆகும் என்று எளிதில் கூறிவிட்டால் பிள்ளைகளின் கையிலுள்ள பொம்மைகள் பலவற்றையும் நாம் பறிக்க வேண்டி வரும். சென்ற கோடை விடுமுறையில் இவ்வினா நம் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது. அதற்கு விடை தேடிய வழியில் நாம் கண்டவற்றைச் சிராவகப் பெருமக்கள் முன் வைக்கவே இதனை எழுதுகின்றோம்.

பீரோவில் கிடந்த பொருள்

நம் மகன் பள்ளிச் சிறுவனாக இருந்த காலத்தில், 2001ஆம் ஆண்டில், சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவனுக்கு ஒரு கையடக்க விளையாட்டுக் கருவியைப் பரிசளித்தார். ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனம் செய்த அக்கருவிக்குக் கேம் பாய் கலர் என்று பெயர். அதில் செருகும் கேசட்டில் 'போக்கிமான் கோல்டு' என்னும் விளையாட்டு இருந்தது. மகன் இரண்டாண்டுகள் அதில் மூழ்கிக் கிடந்தான். பின்னர்ப் படிப்பு, வேலை, திருமணம் என்று காலம் ஓட, கருவி பீரோவின் அடித்தட்டில் உறங்கிற்று. சென்ற மே மாதம் மகன் குடும்பத்தோடு ஊருக்கு வந்தபோது, பத்து வயதுப் பெயரன் அதனைத் தேடி எடுத்தான்.

சில நாட்கள் கழிந்தன. ஒரு மாலை, பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்து, பெயரனுக்கு யசோதரன் கதையைக் கூறினோம். மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட மன்னன் விலங்குப் பிறவிகளில் உழன்ற பகுதி வந்ததும் அவன் முகம் வாடிற்று. நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா, நானும் மாக்கோழியைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறேனா?" என்று கேட்டான்.

கருவியை வாங்கிப் பார்த்தோம். திரையில் ஒரு விலங்கு மற்றொரு விலங்கை நெருப்பால் சுட்டுக்கொண்டிருந்தது. 'இது ஹிம்சையே, ஐயமில்லை' என்று உரக்கக் கூறி, அதனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். பிள்ளை அழுதான். கருவி போயிற்றே என்று அவன் அழவில்லை, "அப்படியானால் நான் எத்தனை முறை மிருகமாகப் பிறக்க வேண்டும்?" என்று அஞ்சி அழுதான். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஆராயாமல் தீர்ப்புரைத்தோம், அறத்தைக் கற்பிக்க வேண்டிய இடத்தில் அச்சத்தைக் கற்பித்தோம். மறுநாட் காலை பீரோவைத் திறந்து கருவியை எடுத்து, மகனையும் பெயரனையும் அருகில் இருத்தி, விளையாட்டினை முதலிலிருந்து காட்டுமாறு கேட்டுக்கொண்டோம். பத்து நாட்கள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், உடனிருந்து பார்த்தோம்.

பூச்சி பிடித்த சிறுவன்

இவ்விளையாட்டினைத் தோற்றுவித்தவர் சடோஷி தஜிரி என்பவர். 1965ஆம் ஆண்டில் பிறந்த அவர், தோக்கியோ நகரின் புறத்தேயுள்ள மச்சிதா என்னும் பகுதியில் வளர்ந்தவர். சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் அவருக்குப் பெருவிருப்பம். நகரம் பெருகப் பெருகக் குளங்களும் தோப்புகளும் மறைந்து கட்டடங்கள் எழுந்தன. பூச்சி தேடும் இன்பம் பின்வந்த பிள்ளைகளுக்கு இல்லாமற் போயிற்றே என்ற ஏக்கம் அவருள் இருந்தது. இரண்டு கேம் பாய் கருவிகளை ஒரு கம்பியால் இணைக்கலாம் என்று கண்டபோது, அக்கம்பியின் வழியே ஒரு பூச்சி ஊர்ந்து மறுகருவிக்குச் செல்வதாக அவர் கற்பனை செய்தார். அக்கற்பனையே 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் 'ரெட்', 'கிரீன்' என்னும் இரு கேசட்டுகளாக வெளிவந்தது. அவற்றில் 151 வகைக் கற்பனை விலங்குகள் இருந்தன.

அதன் தொடர்ச்சியாக 1999ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று வந்தவையே 'கோல்டு', 'சில்வர்' என்பன. புதிதாக 100 வகைகள் சேர்ந்து, விலங்குகளின் எண்ணிக்கை 251 ஆயிற்று. கியோத்தோ, நாரா, ஒசாகா முதலிய பழம்பெரும் நகரங்கள் அமைந்த நிலப்பகுதியை ஒட்டி அமைத்த ஒரு கற்பனை நாட்டில் கதை நிகழ்கிறது. கேசட்டினுள் ஒரு கடிகாரமும் உண்டு. வெளியே இரவாயின் விளையாட்டிலும் இரவு. இரவில் மட்டும் வெளிவரும் விலங்குகள் உண்டு. குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் நிகழும் நிகழ்ச்சிகளும் உண்டு. சிறுவன் ஒருவன் ஊர் ஊராகச் சென்று, புல்வெளியிலும் குகையிலும் நீரிலும் எதிர்ப்படும் விலங்குகளைச் சண்டையால் சோர்வுறச் செய்து, ஒரு பந்தினை எறிந்து அதனுள் அடைத்து, பழக்கி, பிறருடைய விலங்குகளோடு போரிடச் செய்கிறான். இதுவே விளையாட்டின் நடை.

நாம் முதலில் எண்ணிப் பார்த்தது பூச்சியைப் பற்றியே. உயிருள்ள பூச்சியைப் புட்டியில் அடைக்கும் சிறுவனையும், திரையில் ஒளிரும் பூச்சியைப் பந்தில் அடைக்கும் சிறுவனையும் ஒப்பிட்டால், முன்னவன் கையில் ஓர் உயிர் துடிக்கிறது. பின்னவன் கையில் ஓர் உயிரும் இல்லை. ஆதலின் இம்மாற்றீடு உயிர்களுக்கு நன்மையே என்று தோன்றும். ஆனால் மாவினாற் செய்த கோழியும் ஒரு மாற்றீடன்றோ? அதனை இங்கு ஆராய வேண்டும்.

யசோதரன் செய்த மாற்றீடு

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தின் கதையை அன்பர்கள் அறிவர். உஞ்சயினி மன்னன் யசோதரன் தீக்கனவு கண்டதாகத் தாயிடம் கூறினான். அவன் தாய் சந்திரமதி, தீமை விலகத் தேவிக்கு உயிர்ப்பலி இடுமாறு வற்புறுத்தினாள். மன்னன் உயிர்க்கொலைக்கு உடன்படவில்லை. தாயின் சொல்லையும் தள்ளமாட்டாமல், மாவினால் ஒரு கோழி செய்து அதனை வெட்டிப் பலியிட்டான். ஓர் உயிரும் அங்கு மாயவில்லை. எனினும் தாயும் மகனும் பிறவிதோறும் விலங்குகளாகி, கொன்றும் கொல்லப்பட்டும் துன்புற்றனர்.

மாவினை வெட்டியதா இத்தனை துன்பத்திற்கும் காரணம்? அன்று. நம் வீட்டு அடுக்களையில் நாள்தோறும் மாவினைப் பிசைகிறோம், அரிகிறோம். கோழி என்று கருதி, அதன் உயிரைத் தருவதாகக் கருதி, அதனால் தனக்கு நன்மை விளையும் என்று கருதிக் கத்தியை ஓங்கிய அந்தச் சங்கற்பமே வினையாயிற்று. ஆன்றோர் ஹிம்சையைத் திரவிய ஹிம்சை, பாவ ஹிம்சை என இரண்டாக வகுத்தனர். புறத்தே உயிர் வதையுறுதல் முன்னது. அகத்தே எண்ணம் கொடுமையுறுதல் பின்னது. இதே யசோதரன் கதையைக் கி.பி. 959இல் வடமொழியில் யசஸ்திலகம் என விரித்தெழுதிய சோமதேவ சூரி, உழவனையும் மீனவனையும் உவமையாகக் காட்டுகிறார். ஏர் உழும்போது உயிர்கள் மாயினும் உழவனின் எண்ணம் கொலையில் இல்லை. வலையில் ஒரு மீனும் விழாத நாளிலும் மீன் பிடிப்போனின் எண்ணம் கொலையிலேயே நிற்கிறது. உழவையே வாழ்வாகக் கொண்டு வந்த நம் குடிகளுக்கு இவ்வுவமை எத்துணை ஆறுதலையும் எத்துணை எச்சரிக்கையையும் தருகிறது!

இன்னொன்றும் உண்டு. சிராவகர்க்கு விதித்த குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் என்பது பயனின்றிச் செய்யும் தீமைகளை விலக்குவது. அதனுள் அபத்தியானம் என்ற ஒன்றைச் சேர்த்துள்ளனர். விருப்பினாலோ வெறுப்பினாலோ பிற உயிர்க்குக் கொலையும் கட்டும் உறுப்பறுப்பும் நேர வேண்டுமென்று மனத்தில் எண்ணியிருத்தலே அது. கை அசையாமல், எண்ணம் மட்டும் செய்யும் குற்றம் இது.

எனவே, திரையிலுள்ளது வெறும் ஒளி, ஆகவே குற்றமில்லை என்னும் வாதம் நம் சமயத்தில் நில்லாது. ஆனால் அதே அளவுகோல் மறுபக்கமும் அளக்கிறது. வினை எண்ணத்தில் பிறக்குமாயின், திரையில் என்ன நிகழ்கிறது என்று மட்டும் பார்த்துத் தீர்ப்பளிக்கவும் இயலாது. நெருப்பைக் கண்டவுடன் கருவியைப் பிடுங்கிய நாம், பிள்ளையின் எண்ணம் யாதென்று கேட்கவில்லை.

ஐந்து அதிசாரங்கள்

கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை ஆன்றோர் கூறினர். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவ்வைந்தையும் கையில் வைத்துக்கொண்டு விளையாட்டைப் பார்த்தோம்.

கட்டுதல் உண்டு; பந்தில் அடைப்பது அதுவே. அடித்தல் உண்டு, விளையாட்டின் பெரும்பகுதி அதுவே. தோற்ற விலங்கு மாய்வதில்லை; மயங்கி விழுகிறது; ஊர்தோறும் உள்ள மருத்துவ நிலையத்தில் கட்டணமின்றி நலம் பெறுகிறது. எனினும் அடி அடியே. மரம் வெட்டவும், பாறை தள்ளவும், நீரைக் கடக்கச் சுமக்கவும் விலங்குகளை ஏவுகின்றனர், இது சுமை. உணவு மறுத்தல் என்பது நேராக இல்லை. ஆனால் நஞ்சு ஏறிய விலங்கை உடன் அழைத்துக்கொண்டு மருந்து தராமல் நடந்தால், ஒவ்வொரு நான்கு அடிக்கும் அதன் வலிமை குறைந்து இறுதியில் மயங்கி விழும். பெயரன் முதல் நாளில் இதனைக் கவனியாமல் நடந்துகொண்டே இருந்தான். பிரமாதம் என்று நூல்கள் கூறும் அசட்டை இதுவே என அவனுக்கு எடுத்துக்காட்டினோம். பின்னர் அவன் மருந்தில்லாமல் காட்டிற்குள் நுழைந்ததில்லை.

உறுப்பறுத்தலைப் பற்றி விளையாட்டே ஒரு கதையை வைத்திருக்கிறது. அசேலியா என்பது ஒரு சிற்றூர். ஸ்லோபோக் என்னும் இளஞ்சிவப்பு நிற விலங்குகள் அவ்வூர்த் தெருக்களில் சோம்பிப் படுத்திருக்கும் வழக்கம். நானூறு ஆண்டுகளுக்கு முன் கொடும் வறட்சி வந்தபோது அவ்விலங்கு விட்ட கொட்டாவியால் மழை பெய்தது என்பது ஊராரின் நம்பிக்கை. அவ்வூருக்குச் செல்லும் வழியில் ஒருவன் நின்று, ஸ்லோபோக் வால் சுவையானது, விலை பத்து இலட்சம் என்று கூவுகிறான். ஊருக்குள் சென்றால் தெருக்களில் விலங்குகள் இல்லை. ராக்கெட் கும்பல் என்னும் தீயோர் அவற்றைக் கிணற்றுக்குள் அடைத்து, வாலை அறுத்து விற்கின்றனர். பந்து செய்யும் கைவினைஞரான முதியவர் ஒருவர் சினந்து கிணற்றில் இறங்கி, விழுந்து முதுகில் அடிபட்டுக் கிடக்கிறார். அங்கே வாலிழந்த விலங்கு ஒன்றிடம் ஒரு கடிதம் இருக்கிறது. வெளியூர் சென்ற தந்தை தன் குழந்தைக்கு, தாத்தாவோடும் ஸ்லோபோக்கோடும் நல்லபடியாக வீட்டைப் பார்த்துக்கொள்ளுமாறு எழுதிய கடிதம் அது.

பெயரன் கடிதத்தைப் படித்துவிட்டு எம்மை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை.

வழியில் நின்ற வணிகனைப் பற்றி மகன் ஒரு செய்தி கூறினான். இவ்விளையாட்டில் ஒருவர் சேர்த்து வைக்கக்கூடிய மிகுந்த தொகை 9,99,999 மட்டுமே. வாலின் விலையோ பத்து இலட்சம். எவ்வளவு பொருள் ஈட்டினும், ஆசைப்பட்டு 'ஆம்' என்று கூறினாலும், அதனை ஒருவராலும் வாங்க இயலாது. வாங்குவார் இல்லாவிடின் அறுப்பாரும் இலர் என்று காலங்காலமாக ஊனுண்பாரிடம் எடுத்துரைத்து வரும் நமக்கு, இதனைக் கேட்டபோது மகிழ்ச்சி உண்டாயிற்று. எனினும் ஒரு முரண்பாட்டையும் மறைத்தல் ஆகாது. வாலறுத்தலைக் கொடுமை என்னும் இவ்விளையாட்டு, கட்டுதலையும் அடித்தலையும் கொடுமை என்று கூறவில்லை. ஐந்தில் ஒன்றையே அது அறிந்திருக்கிறது. அந்த ஒன்றைத் தொட்டு மற்ற நான்கினையும் பிள்ளைக்கு உணர்த்துவது நம் கடமையாகிறது.

அன்பும் வெறுப்பும்

முதல் விளையாட்டில் வலிமையே பெரிதாக இருந்தது என்றும், தொடர்ச்சியில் புதியதொன்று சேர்ந்தது என்றும் மகன் கூறினான். ஒவ்வொரு விலங்கிற்கும் தன்னை வளர்ப்பவனிடத்து எவ்வளவு பற்று உள்ளது என்பதைக் கருவி மறைவாகக் கணக்கிடுகிறது. கணக்கு 0 முதல் 255 வரை செல்லும். உடன் நடந்தால் கூடும். போரில் மயங்கி விழ விட்டால் குறையும். விலை மலிந்த கசப்பு மருந்துகளைப் புகட்டினாலும் குறையும். இக்கணக்கு 220ஐ எட்டினால்தான் சில விலங்குகள் அடுத்த நிலைக்கு வளரும். கோல்பேட் என்னும் வௌவால் குரோபேட் ஆவது அவ்வாறே. எத்தனை போர்களில் வென்றாலும் அன்பின்றி அது வளராது.

கதையில் செந்நிற முடியுடைய சிறுவன் ஒருவன் வருகிறான். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு விலங்கைத் திருடிக்கொண்டு புறப்பட்டவன். வலிய விலங்குகளே தேவை, எளியவை பயனற்றவை என்று இகழ்பவன். திரும்பத் திரும்பத் தோற்கிறான். விலங்குகளிடத்து அன்பும் நம்பிக்கையும் இல்லாமையே அவன் தோல்விக்குக் காரணம் என்று ஒரு வீரர் அவனுக்குக் கூறுகிறார். அவன் அதனை ஏற்கவில்லை. ஆனால் கதையின் பின்பகுதியில் அவனைச் சந்திக்கும்போது, அவனுடைய கோல்பேட் குரோபேட்டாக வளர்ந்திருக்கிறது. 'நான் திருந்தினேன்' என்று அவன் பறைசாற்றவில்லை. அவன் வளர்த்த வௌவாலே அதற்குச் சான்று. ஒழுக்கம் சொல்லில் அன்று, விளைவில் தெரியும் என்பதை இதனினும் எளிதாக ஒரு சிறுவனுக்குக் காட்டுதல் அரிது.

ஆனால் எதிரான ஒன்றும் அதிலேயே உண்டு. பற்று மிகுந்த விலங்கிற்கு மிக வலிய அடியைத் தரும் போர்முறை ஒன்று உள்ளது. வெறுப்பு மிகுந்த விலங்கிற்கு அதே அளவு வலிய அடியைத் தரும் போர்முறை இன்னொன்றும் உள்ளது. அன்பாயினும் வெறுப்பாயினும் முற்றினால் ஆற்றல் ஒன்றே என்கிறது கணக்கு. வெற்றி ஒன்றையே நாடுவோன், விலங்கினை வேண்டுமென்றே துன்புறுத்தி, அதன் வெறுப்பையும் படைக்கலமாக்கலாம். இதில் மயங்கலாகாது. வினைக்கணக்கிலும் அன்பின் எண்ணம், வெறுப்பின் எண்ணம் ஆகிய இரண்டும் உயிரைப் பிணிக்கவே செய்கின்றன. ஆயினும் ஒன்று நல்வினை, மற்றொன்று தீவினை. அவை சென்று சேர்க்கும் கதிகள் வேறு. விளையாட்டின் கணக்கு அடியின் வலிமையோடு நின்றுவிடுகிறது. நம் கணக்கு அதற்கு அப்பாலும் செல்கிறது.

பொன் விலங்கும் இரும்பு விலங்கும்

கருவியை முதன்முதல் இயக்கிய அன்று நடந்ததை இங்குக் கூற வேண்டும். மகன் சிறுவயதில் இரண்டாண்டுகள் முயன்று 251இல் பெரும்பகுதியைச் சேர்த்து வைத்திருந்தான். இவ்விளையாட்டில் ஒரு கேசட்டைக் கொண்டு அனைத்தையும் சேர்த்தல் இயலாது. கோல்டில் மட்டும் கிடைப்பன சில. சில்வரில் மட்டும் கிடைப்பன சில. பிறரோடு கம்பி இணைத்துக் கொடுத்து வாங்க வேண்டும். உடன் பயின்ற நண்பனோடு அவன் அவ்வாறு மாற்றிக்கொண்டதை இன்றும் நினைவு கூர்வான். அவற்றையெல்லாம் மகனுக்குக் காட்டும் ஆவலோடு கருவியை இயக்கினான். 'புதிய ஆட்டம்' என்ற வரியே திரையில் வந்தது. பழைய ஆட்டம் ஒன்றுமில்லை.

காரணம் எளியது. சேர்த்தவை யாவும் கேசட்டினுள் பொதித்துள்ள நாணய அளவிலான ஒரு பேட்டரியின் துணையால் நிற்கின்றன. உள்ளிருக்கும் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுகிறது. கருவி உறங்கும்போதும் கடிகாரம் உறங்குவதில்லை. ஆகவே பிற கேசட்டுகளைக் காட்டிலும் இதில் பேட்டரி விரைவில் தீர்ந்துபோகும். தீர்ந்த அன்று சேர்த்தவை யாவும் அழியும். நகரத்தில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் புதிய பேட்டரி ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். கேசட் பிழைத்தது, பழைய சேர்க்கை மீளவில்லை. முப்பத்தைந்து வயதைக் கடந்த மகன் சிறிது நேரம் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். அநித்திய பாவனையை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். அன்று அதனைக் கண்ணெதிரே கண்டோம்.

சேர்த்தலைப் பற்றி நம் ஆன்றோர் கூறுவது தெளிவு. பரிக்கிரகம் என்பது பொருளன்று. 'எனது' என்னும் மயக்கமே பரிக்கிரகம். ஒளியால் ஆன விலங்குக்கும் அம்மயக்கம் பிறக்குமாயின் அதுவும் பரிக்கிரகமே. மகனின் கண்களில் தெரிந்த வருத்தம் மயக்கம் எவ்வளவு உண்மையானது என்பதைக் காட்டிற்று. விலங்கு இல்லை, வருத்தம் இருந்தது.

அசேலியா ஊர் முதியவர் காட்டுக் காய்களைக் குடைந்து பந்து செய்து தருவார். அவற்றுள் ஒன்றில் அடைபடும் விலங்கு தொடக்கத்திலேயே மிகுந்த நட்புக் கொள்ளும். பெயரனுக்கு அப்பந்தின்மீது பெருவிருப்பம். நட்பான பந்தாயினும் பந்து பந்தே. பொன்னால் செய்த விலங்காயினும் இரும்பால் செய்த விலங்காயினும் கால் கட்டுண்டே இருக்கும் என்ற நம் பழைய உவமையை அவனுக்குக் கூறினோம். கோல்டு என்றால் பொன், சில்வர் என்றால் வெள்ளி என்பதை அவனே நினைந்து சிரித்தான்.

கதையின் முடிவில் ஒரு மலை வருகிறது. முதல் விளையாட்டின் வீரன் அதன் உச்சியில் தனியே நிற்கிறான். பேச்சில்லை. அவனை முதலில் கண்டபோது, யாவற்றையும் வென்று யாவற்றையும் துறந்த ஒருவனோ என்று ஐயுற்றோம். இல்லை, அவன் இடையில் ஆறு பந்துகள் இருந்தன. மௌனம் மட்டும் துறவாகாது.

நம் தவறு

இவ்வரிசையில் 2010ஆம் ஆண்டில் வந்த 'பிளாக்', 'ஒயிட்' என்னும் விளையாட்டுகளைப் பற்றியும் மகன் கூறினான். விலங்குகளைப் பந்தில் அடைத்தல் தகுமா என்ற வினாவை அவற்றை ஆக்கியோரே அங்கு எழுப்பியுள்ளனராம். ஒரு கூட்டத்தார் ஊர் ஊராகச் சென்று, விலங்குகளை விடுதலை செய்யுங்கள் என்று முழங்குகின்றனர். அவர்களுள் ஓர் இளைஞன் உண்மையாகவே விலங்குகள்பால் இரக்கமுடையவன். ஆனால் அவனைப் பின்னின்று இயக்குபவனின் நோக்கம் வேறு. பிறரெல்லாம் விட்டுவிட்டால், தான் ஒருவனே விலங்குகளை வைத்துக்கொண்டு உலகை ஆளலாம் என்பதே அவன் கருத்து. கொல்லாமையின் சொற்களை அணிந்த உலோபம் அது. மாயை என்னும் கஷாயத்திற்கு இதனினும் தக்க சான்று வேண்டுமோ?

இதனைக் கேட்டபோது நம்மையே எண்ணினோம். நாமும் அஹிம்சை என்று கூறியே கருவியைப் பிடுங்கினோம். அப்போது நம்முள் இருந்தது இரக்கமா? வெகுளியும், பெரியவன் சொல்லைப் பிள்ளை கேட்க வேண்டுமென்னும் செருக்குமே மிகுந்திருந்தன. திரையில் அடிபட்டது ஒளி. திண்ணையில் அடிபட்டது ஐயறிவும் மனமும் உடைய ஓர் உயிர். அன்று மாலை நம் வீட்டில் நிகழ்ந்த ஹிம்சையைச் செய்தவர் நாமே. பெயரனிடம் இதனை ஒளிக்காமல் கூறினோம்.

விடை

பத்து நாட்கள் கழிந்தபின் அவன் வினாவிற்கு நாம் கூறிய விடை இதுதான். யசோதரன் மாக்கோழியை வெட்டும்போது அதனைக் கொல்வதாகவே எண்ணினான்; கொலையால் பயன் விளையும் என்று நம்பினான். நீ அவ்வாறு எண்ணவில்லை; ஆகவே நீ யசோதரன் அல்லன். ஆனால் அடிபட்டு விழும் விலங்கைக் கண்டு உன் மனம் களிக்கத் தொடங்கும் நாளில், தோற்றவனை இகழத் தோன்றும் நாளில், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று உறக்கம் கெடும் நாளில், மாக்கோழி உன் எதிரில் வந்துவிட்டது என்று அறிந்துகொள். அந்நாள் எது என்பதைத் தாத்தா அறிய முடியாது. உன் மனத்தை நீயே பார்க்க வேண்டும்.

பெற்றோர்க்கு நாம் கூற விழைவதும் உண்டு. இத்தகைய விளையாட்டுகள் இன்று கைப்பேசி வழியே எல்லா இல்லங்களிலும் நுழைந்துள்ளன. அனைத்தும் இதனைப் போன்றவை அல்ல. குருதி தெறிக்கும் கொலையையே இன்பமாகக் காட்டுவனவும் உண்டு. அவற்றை விலக்குதலே தக்கது. எதுவாயினும், அதனைக் கொடுக்குமுன்னும் மறுக்குமுன்னும் பிள்ளையின் அருகில் அமர்ந்து ஒரு முறை பாருங்கள். விளையாடி முடித்ததும், இன்று மனத்தில் எழுந்தது சினமா, செருக்கா, ஆசையா, இரக்கமா என்று கேளுங்கள். நாள் முடிவில் நம் குற்றங்களை நாமே நினைந்து வருந்தும் பிரதிக்கிரமணத்தின் முதற்பாடம் அதுவாகட்டும். நேரத்திற்கும் சேர்க்கைக்கும் ஓர் அளவு வைக்கப் பழக்குங்கள். அளவை நீங்கள் விதிப்பதைவிட, அவர்களே விதித்துக்கொள்ளும்படி செய்தல் நன்று. இவை அனைத்திற்கும் மேலாக, திரையை அணைத்தபின் உண்மையான எறும்பையும், நீரை வடிகட்டும் துணியையும், தோட்டத்து வண்ணத்துப்பூச்சியையும் காட்ட மறவாதீர்கள்.

விடுமுறை முடிந்து ஊருக்குப் புறப்படும் நாளில் பெயரன் திண்ணையில் அமர்ந்து கருவியில் எதையோ செய்துகொண்டிருந்தான். சேர்த்த விலங்குகளை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றிற்கும் கருவி ஒரு வரியில் விடை கொடுத்தது. பன்னிரண்டு எஞ்சியதும் நிறுத்தினான். ஏன் பன்னிரண்டு என்று கேட்டோம். சிராவகரின் விரதங்கள் பன்னிரண்டு என்பதனை நினைந்தானோ என்பது நம் உள்ளத்து ஆசை. "அதற்கு மேல் போனால் எனக்குப் பெயர் மறந்து போகிறது தாத்தா. மறந்து போனால் பார்த்துக்கொள்ள முடியாதே" என்றான்.

நாம் கற்பித்தது இது அன்று. நாம் கற்றுக்கொண்டது.

அறம் வளர்க!